கச்சா எண்ணெய் இறக்குமதியும் தேங்காய்த் தொட்டிக்கரியும்: தென்னை விவசாயிக்கு இதில் என்ன கிடைக்கும்?

வடசென்னையில் ராயபுரத்தில் தொடங்கி தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை கடலோரச் சாலையில் போனால், சமையல் எண்ணெய்க் கிடங்குகளும் டேங்கர் லாரிகளும் கண்ணில் படும். கப்பலில் வரும் கச்சா எண்ணெய் இங்கே இறங்கி, சுத்திகரிக்கப்பட்டு, பாக்கெட்டாகி நம் ஊர் மளிகைக் கடைக்கு வருகிறது. அந்தச் சுத்திகரிப்பில் பயன்படும் பொருள்களில் ஒன்று ஆக்டிவேட்டட் கார்பன், அதாவது கிளர்வூட்டிய கரி. அதை நம் தோப்பில் விழும் தேங்காயின் தொட்டியிலிருந்தே செய்யலாம். கொட்டாங்குச்சி, சிரட்டை என்று ஊருக்கு ஒரு பெயர் இருந்தாலும் பொருள் ஒன்றுதான்.

"கச்சா எண்ணெய் இறக்குமதி கூடினால் கரிக்கும் கிராக்கி கூடுமே, நாமும் ஒரு கரி யூனிட் போடலாமா?" என்ற கேள்வி தென்னை விவசாயிகளிடமும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களிடமும் இருக்கிறது. பணம் போடும் முன் கணக்கை நிதானமாகப் பார்ப்போம்.

வரி மாற்றம் என்ன செய்தது?

நம் நாட்டின் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. ஆண்டுக்கு சுமார் 160 லட்சம் டன். இதில் பாமாயிலுக்கே பெரிய பங்கு. அடுத்து சோயா, சூரியகாந்தி.

2024 செப்டம்பர் 14-ல் மத்திய அரசு கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களுக்கான அடிப்படை இறக்குமதி வரியை 20 சதவீதமாக உயர்த்தியது. அதற்கு முன் அது பூஜ்யம். எண்ணெய் வித்து விவசாயிக்கு விலை கிடைக்க வேண்டும் என்பதே சொல்லப்பட்ட காரணம். பிறகு கடையில் எண்ணெய் விலை ஏறியதால், 2025 மே இறுதியில் கச்சா எண்ணெய் வரி 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. சுத்திகரித்த எண்ணெய்க்கான வரி குறைக்கப்படவில்லை. செஸ், கூடுதல் வரி எல்லாம் சேர்த்தால் இப்போது கச்சா எண்ணெய்க்கு 16.5 சதவீதம், சுத்திகரித்த எண்ணெய்க்கு 35.75 சதவீதம். இரண்டுக்கும் இடையே 19.25 சதவீத வித்தியாசம்.

இதனால் நடப்பது இதுதான். வெளிநாட்டில் சுத்திகரித்த எண்ணெயை வாங்குவதைவிட, கச்சா எண்ணெயைக் கொண்டுவந்து துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே சுத்திகரிப்பது லாபம். சுத்திகரிப்பு ஆலைகளுக்கு வேலை கூடும். சுத்திகரிக்கத் தேவையான வெளுப்பு மண், கரி போன்றவற்றுக்கும் தேவை கூடும்.

ஆனால் இதே வரிக் குறைப்புதான் கடலை, எள், கொப்பரை போடும் நம் விவசாயிக்குப் போட்டியாக மலிவான எண்ணெயையும் கொண்டுவருகிறது. ரேஷன் கடையில் பாமாயிலுக்குப் பதிலாக தேங்காய் எண்ணெயும் கடலை எண்ணெயும் தர வேண்டும் என்று தென்னை விவசாயிகள் பல ஆண்டுகளாகக் கேட்பதும் இதனால்தான். கரி விற்று வரும் காசு, எண்ணெய் விலையில் போகும் காசுக்கு ஈடாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது துணை வருமானம் மட்டுமே.

எண்ணெய் ஆலையில் கரிக்கு என்ன வேலை?

கச்சா எண்ணெயில் பசை, அமிலம், நிறம், வாடை எல்லாம் இருக்கும். முதலில் பசையை நீக்குவார்கள். பிறகு சுமார் 90 முதல் 110 டிகிரி வெப்பத்தில், காற்று இல்லாத கலனில், வெளுப்பு மண்ணைக் கலந்து அரை மணி நேரம் போல் கலக்கி வடிகட்டுவார்கள். நிறமும் மிச்சப் பசையும் மண்ணில் ஒட்டிக்கொள்ளும். கடைசியில் அதிக வெப்பத்தில் நீராவி விட்டு வாடையை எடுப்பார்கள்.

வெளுக்கும் கட்டத்தில் முதன்மைப் பொருள் மண்தான். கரியை அதோடு சிறிதளவே சேர்ப்பார்கள். மண்ணின் அளவில் பத்தில் ஒரு பங்கு என்பது பொதுவான கணக்கு. கரி விலை அதிகம். எண்ணெயையும் தன்னுள் கூடுதலாகக் குடித்துக்கொள்ளும். அதனால் மண்ணால் முடியாத வேலைக்கு மட்டும் கரியைப் போடுகிறார்கள்.

அந்த வேலை, புகையால் எண்ணெயில் ஏறும் நச்சை எடுப்பது. பாலிசைக்ளிக் அரோமேட்டிக் ஹைட்ரோகார்பன் என்று இதற்குப் பெயர். நாம் புகை நச்சு என்று வைத்துக்கொள்வோம். இதில் பென்சோபைரீன் என்பது புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. கொப்பரையையோ எண்ணெய் வித்தையோ நேரடிப் புகையில் காயவைத்தால் இது எண்ணெயில் ஏறும். வெளுப்பு மண்ணால் இதைச் சரியாகப் பிடிக்க முடியாது. ஆக்டிவேட்டட் கார்பன் பிடிக்கும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2011-ல் கொண்டுவந்த விதிப்படி, சமையல் எண்ணெய் ஒரு கிலோவில் பென்சோபைரீன் 2 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. நான்கு வகைப் புகை நச்சுகளைச் சேர்த்து மற்ற எண்ணெய்களுக்கு 10 மைக்ரோகிராம் வரம்பு. தேங்காய் எண்ணெய்க்கு மட்டும் 20. தேங்காய் எண்ணெய்க்குத் தனி வரம்பு வைத்திருப்பதே, கொப்பரை காயவைக்கும் முறையில் இருக்கும் சிக்கலைக் காட்டுகிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தொட்டியை எரித்து அந்தப் புகையிலேயே கொப்பரை காய்ச்சினால் நச்சு ஏறுகிறது. அதே தொட்டியைக் கரியாக்கி, ஆலையில் கிளர்வூட்டினால் அந்த நச்சை எடுக்கிறது. புகையில்லாமல் காயவைத்தால் முதல் செலவே மிச்சம்.

எல்லா எண்ணெய்க்கும் கரி தேவையில்லை

வடசென்னைக் கிடங்குகளில் இறங்கும் எண்ணெயில் பாமாயில் முக்கியமானது. பாமாயிலின் சிவப்பு நிறம் கரோட்டினால் வருவது. அதில் ஒரு பகுதியை மண் எடுத்துவிடும். மிச்சம் கடைசிக் கட்ட வெப்பத்திலேயே அழிந்துவிடும். எனவே பாமாயிலுக்குக் கரியின் தேவை குறைவு. கரி அதிகம் பயன்படுவது தேங்காய் எண்ணெய், பாம் பருப்பு எண்ணெய், புகையில் காய்ந்த விதையிலிருந்து எடுத்த சூரியகாந்தி எண்ணெய் போன்றவற்றுக்குத்தான்.

ஆகவே "இத்தனை லட்சம் டன் எண்ணெய் வருகிறது, அத்தனைக்கும் கரி வேண்டும்" என்று கணக்குப் போடும் திட்ட அறிக்கையை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். எந்த எண்ணெய், எந்த ஆலை, மாதம் எவ்வளவு கரி என்று கேளுங்கள்.

கரியிலும் வகை உண்டு. தேங்காய்த் தொட்டிக் கரியின் துளைகள் மிக நுண்ணியவை. குடிநீர் வடிப்பான், தங்கம் பிரித்தல், காற்று சுத்திகரிப்பு ஆகியவற்றுக்கு இது உயர்ந்த சரக்கு. நல்ல விலை கிடைப்பதும் அங்கேதான். எண்ணெயில் இருக்கும் நிறப் பொருள்களின் மூலக்கூறுகள் பெரியவை. அவற்றைப் பிடிக்க சற்றே பெரிய துளை வேண்டும். அதற்கு மரத்திலிருந்தும் மரத்தூளிலிருந்தும் செய்த கரி ஏற்றது. அயோடின் எண் நுண்துளையின் அளவைக் காட்டும். மெத்திலீன் புளூ எண் பெரிய துளையையும் சேர்த்துக் காட்டும். எண்ணெய் ஆலைக்காரர் அயோடின் எண்ணை மட்டும் பார்த்து வாங்க மாட்டார்.

பொன்னேரி, மீஞ்சூர், பழவேற்காடு பக்கத்து மணற்பாங்கான நிலங்களில் சவுக்கு வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு வாய்ப்பு தெரியலாம். சவுக்குக் கட்டை காகித ஆலைக்கும் சாரத்துக்கும் போனபின் கிளை, வேர்க்கட்டை மிஞ்சும். அது கரிக்கு ஆகும். ஆனால் அதை எண்ணெய்க்கு ஏற்ற கார்பனாக மாற்றுவது ஆலை வேலை. கடலைத் தோலிலும் கார்பன் செய்ய முடியும். லேசான பொருள் என்பதால் லாரி வாடகையே விலையை விழுங்கிவிடும். நெல் உமியில் மணற்சத்து அதிகம். எரித்தால் 15 முதல் 20 சதவீதம் சாம்பலாக நிற்கும். நல்ல கார்பனுக்கு அது ஒத்துவராது.

ஏக்கருக்கு எவ்வளவு தேறும்?

தென்னை வளர்ச்சி வாரியம் சொல்லும் கணக்குப்படி, சுமார் 30,000 முழுத் தொட்டியிலிருந்து ஒரு டன் கரி கிடைக்கும். மூன்று டன் கரியிலிருந்து ஒரு டன் ஆக்டிவேட்டட் கார்பன். ஆக, ஒரு டன் கார்பனுக்கு 90,000 தேங்காய்த் தொட்டி வேண்டும்.

ஏக்கருக்கு 70 மரம், மரத்துக்கு ஆண்டுக்கு 100 காய் என்று வைத்தால் 7,000 காய். அதிலிருந்து தொட்டி சுமார் 8 குவிண்டால். அதைக் கரியாக்கினால் இரண்டேகால் குவிண்டாலுக்குச் சற்று மேல். வெள்ளை ஈயோ வேர் வாடலோ தாக்கிய தோப்பில் இதுவும் தேறாது. மூன்று ஏக்கர் விவசாயி தனியாகக் கரி சுட்டால் ஆண்டுக்கு ஏழு குவிண்டால். வியாபாரி அதற்காக வண்டி அனுப்ப மாட்டார்.

ஆலைப் பக்கமிருந்து பாருங்கள். தினமும் 300 டன் எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலை, ஆயிரத்துக்கு ஒரு பங்கு கரி போட்டால், நாளுக்கு 300 கிலோ கார்பன் வேண்டும். அது 27,000 தொட்டி. கிட்டத்தட்ட நான்கு ஏக்கரின் ஓராண்டுக் காய், ஒரே நாளில் முடிந்துவிடும். ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் சுமார் 1,150 ஏக்கர் தோப்பின் தொட்டி. ஒருவர் இருவரால் ஆகிற காரியமில்லை. ஆனால் குழுவாகச் சேர்ந்தால் பேரம் பேசும் இடம் கிடைக்கும்.

இன்னொரு விஷயம். நம்மில் பெரும்பாலோர் காயை மட்டையோடோ உரித்தோ அப்படியே விற்றுவிடுகிறோம். தொட்டி வியாபாரியின் களத்துக்குப் போகிறது. காய் விலை பேசும்போது தொட்டியின் விலையும் அவர் கணக்கில் இருக்கும், நம் கணக்கில் இருக்காது. தொட்டி விலை ஏறும்போது அந்த லாபம் காய் விலையில் நமக்குத் திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும். தேங்காய் விலையோடு உங்கள் பகுதித் தொட்டி விலையையும் கரி விலையையும் வாரம் ஒருமுறை விசாரித்துக் குறித்து வையுங்கள். அடுத்த பேரத்தில் உதவும்.

கரி சுடலாமா, தொட்டியாகவே விற்கலாமா?

இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. ஒரு கிலோ கரிக்கு மூன்றரைக் கிலோ தொட்டி வேண்டும். எனவே தொட்டியின் கிலோ விலையை மூன்றரையால் பெருக்குங்கள். அதோடு கூலி, சாக்கு, வண்டி வாடகையைக் கூட்டுங்கள். கரி விலை அதற்கு மேல் இருந்தால் மட்டும் சுடுங்கள். உதாரணமாக, தொட்டி கிலோ 10 ரூபாய் என்றால் கரிக்கு 35 ரூபாய் முதலுக்கே போய்விடும். கரி 36 ரூபாய்க்குப் போனால் சுடுவதில் அர்த்தமில்லை. தொட்டியாகவே விற்றுவிடலாம்.

தொட்டி விலை ஏறும் காலத்தில் கரி விலையும் ஏறும், ஆனால் இரண்டும் ஒரே நாளில் ஏறாது. இடையில் மாட்டிக்கொள்வது கரி சுடுபவர்தான். முன்பணம் வாங்கி, ஒரே விலைக்கு ஆறு மாதம் கரி தருவதாக ஒப்பந்தம் போடாதீர்கள்.

ஆக்டிவேட்டட் கார்பன் ஆலை என்பது முற்றிலும் வேறு தொழில். கரியை 900 முதல் 1,100 டிகிரி வெப்பத்தில் நீராவியோடு சேர்த்துச் சுட வேண்டும். பெரிய உலை, கொதிகலன், ஆய்வுக்கூடம் எல்லாம் வேண்டும். காங்கேயம், பொள்ளாச்சி வட்டாரத்தில் இந்தத் தொழில் வேரூன்றியதற்குக் காரணம், கொப்பரைக் களங்கள் பக்கத்திலேயே இருப்பதுதான். அங்கிருந்து சென்னை சுமார் 450 கிலோமீட்டர். தொட்டியை அவ்வளவு தூரம் ஏற்றிப் போவதைவிட, கார்பனாக்கி அனுப்புவதே கட்டும். பொருளில் பெரும்பகுதி ஏற்றுமதிக்கும் போகிறது. இலங்கை, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் நாடுகளோடு போட்டி. எனவே சிறு விவசாயிகள் கடன் வாங்கி கார்பன் ஆலை போடுவதை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. தொட்டி, கரி, புகையில்லாக் கொப்பரை, இந்த மூன்றோடு நிறுத்திக்கொள்வது பாதுகாப்பு.

புகையும் தண்ணீரும்: ஊருக்குள் வரும் வம்பு

வடசென்னை மக்களுக்குக் கரித்தூசி என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கியபோது ராயபுரம் பக்கத்து வீடுகளில் கருந்தூசி படிந்தது. மக்கள் வருடக்கணக்கில் போராடினார்கள். உயர் நீதிமன்ற உத்தரவால் 2011-ல் அங்கே நிலக்கரி கையாள்வது நின்றது. அந்தச் சரக்கு எண்ணூருக்குப் போனது. தூசியும் கூடவே போனது.

கிராமத்தில் தொட்டிக்கரிச் சூளை போட்டாலும் இதே பிரச்சினை சிறிய அளவில் வரும். குழியில் தொட்டியைக் கொட்டி எரிக்கும் முறையில் தார் கலந்த அடர்ந்த புகை எழும். எரிந்த கரியைத் தண்ணீர் ஊற்றி அணைத்தால், பீனால், தார் கலந்த அந்தக் கரிய நீர் மண்ணில் இறங்கிக் கிணற்றுக்குப் போகும். கிணறு கெட்டால் பக்கத்துத் தோப்புக்காரர் சும்மா இருக்க மாட்டார், இருக்கவும் வேண்டியதில்லை. பத்து மூட்டைக் கரிக்காக ஒரு கிணற்றை இழப்பது எந்தக் கணக்கிலும் லாபமில்லை.

தண்ணீர்ச் சட்டம் 1974, காற்றுச் சட்டம் 1981 ஆகியவற்றின்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை வாங்கிய பிறகே யூனிட் தொடங்க வேண்டும். "முதலில் ஆரம்பியுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று இயந்திரம் விற்பவர் சொன்னால் கேட்காதீர்கள். சீல் வைத்தால் கடன் மட்டும் மிஞ்சும்.

நல்ல கரிக்கு கவனிக்க வேண்டியவை

* முற்றிய காயின் தொட்டியே கரிக்கு ஏற்றது. இளங்காய்த் தொட்டியில் கரி தேறாது.
* நார், மண், கல் இல்லாமல் சுத்தம் செய்து, நன்கு காயவைத்த தொட்டியை மட்டும் சுடுங்கள். மண் ஒட்டினால் சாம்பல் அளவு ஏறி விலை இறங்கும்.
* குழியைவிட மூடியுள்ள டிரம் அல்லது புகையைத் திருப்பி எரிக்கும் சூளை நல்லது. புகையும் குறையும், கரியும் கூடும்.
* தண்ணீர் ஊற்றி அணைக்காதீர்கள். காற்றுப் புகாமல் மூடி, தானாக ஆற விடுங்கள். ஈரப்பதம் ஏறாது, கிணறும் கெடாது.
* நல்ல கரியை உடைத்தால் உடைந்த முகம் பளபளக்கும். சிமெண்ட் தரையில் போட்டால் கணீரென்று ஒலிக்கும். பற்றவைத்தால் புகைந்து எரிவது சரியாக வேகாத கரி. கையில் பொடிந்து சாம்பல் ஒட்டுவது அதிகம் வெந்தது.
* சாம்பல் 2 சதவீதத்துக்குள், ஈரப்பதம் 10 சதவீதத்துக்குள் இருப்பதே நல்ல சரக்கு. பரிசோதனைச் சீட்டோடு விற்றால் "தரம் சரியில்லை" என்று எடை போடும் இடத்தில் விலை குறைக்க முடியாது.
* சுட்ட அன்றே சாக்கில் கட்டி அடுக்காதீர்கள். புதுக்கரி உள்ளுக்குள்ளேயே சூடேறித் தீப்பிடிக்கும். கப்பல்களில் இப்படித் தீவிபத்துகள் நடந்ததால், 2026 ஜனவரி 1 முதல் கப்பலில் ஏறும் கரியை ஆபத்தான சரக்கு என்று அறிவித்தே அனுப்ப வேண்டும் என்ற உலக விதி கட்டாயமாகியிருக்கிறது. கப்பலுக்கு உள்ள அபாயம் நம் கொட்டகைக்கும் உண்டு. வீட்டை ஒட்டிக் கரி அடுக்க வேண்டாம்.

இரண்டு எச்சரிக்கைகள்

முதலாவது, செக்கு வைத்திருப்பவர்களுக்கு. அடுப்புக்கரியைப் பொடித்துப் போட்டு எண்ணெயைத் தெளியவைக்கலாம் என்று யாராவது சொன்னால் செய்யாதீர்கள். சாதாரணக் கரிக்கு நச்சை இழுக்கும் சக்தி மிகக் குறைவு. அரைகுறையாக வெந்த கரியிலேயே புகை நச்சு இருக்கும். நல்ல வித்தைக் காயவைத்து ஆட்டி, தெளியவைத்து, துணியில் வடிகட்டினாலே போதும். கடலையைப் பொறுத்தவரை ஈரம் 8 சதவீதத்துக்கு வரும்வரை காயவைத்து, பூஞ்சை பிடித்த பருப்பைப் பொறுக்கிவிடுங்கள். பூஞ்சை நச்சைத் தடுக்க அதைவிடச் சிறந்த வழியில்லை.

இரண்டாவது, ஆலையில் பயன்படுத்தித் தீர்ந்த மண்ணையும் கரியையும் பற்றி. அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எண்ணெய் ஊறியிருக்கும், தானாகத் தீப்பிடிக்கும். எண்ணெயிலிருந்து எடுத்த நச்சும் அதில்தான் இருக்கிறது. உரம் என்றோ மாட்டுத் தீவனத்தில் கலக்கலாம் என்றோ மலிவு விலைக்கு யாராவது கொண்டுவந்தால் வாங்காதீர்கள்.

என்ன செய்யலாம்?

ஐம்பது விவசாயிகள், ஆளுக்கு மூன்று ஏக்கர், மொத்தம் 150 ஏக்கர் என்று ஒரு குழு சேர்ந்தால் ஆண்டுக்குச் சுமார் 120 டன் தொட்டி கையில் இருக்கும். காயை அப்படியே விற்காமல் சொந்தக் களத்தில் கொப்பரையாக்கினால்தான் இது நடக்கும். அந்தக் கொப்பரையை வெயிலிலோ, புகை உள்ளே வராத உலர்த்தியிலோ காயவைக்க வேண்டும். காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் சிறு விவசாயிக்கு ஏற்ற உலர்த்திகளை வடிவமைத்துள்ளது. உலர்களம், கிடங்கு போன்றவற்றுக்கு வேளாண் உள்கட்டமைப்பு நிதியில் 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. தென்னை வளர்ச்சி வாரியத்தின் திட்டங்களையும் உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

புகை படாத கொப்பரை என்று சொல்லி விற்பதற்கு இனி வாய்ப்பு கூடும். நச்சில்லாத கொப்பரை வாங்கினால் ஆலைக்குக் கரிச் செலவு மிச்சம். அந்த மிச்சத்தில் நம் பங்கைக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. பரிசோதனைச் சீட்டு கையில் இருந்தால் அந்தப் பேச்சு நிற்கும்.

வரி நாளை மீண்டும் மாறலாம். இரண்டு ஆண்டுக்குள் இரண்டு முறை மாறியிருக்கிறது. வரியை நம்பி உலை கட்டினால் அடுத்த அறிவிப்பில் உலை ஆறிவிடும். கொப்பரையும் தொட்டியும் எந்த வரி இருந்தாலும் நம் களத்தில் இருக்கும். அவற்றின் விலையை முதலில் நாம் தெரிந்துகொள்வோம். கரி சுடுவதா வேண்டாமா என்பதைப் பிறகு முடிவு செய்யலாம்.